"இந்தா" என்று சொன்னது நானில்லை

பேய், பிசாசு, காத்துக்கருப்பு வகையறாவை நான் நம்புகிறவன் இல்லை. இதைச் சொன்னால் உடனே பெரிய பகுத்தறிவாளன் என்று நினைத்துவிடுகிறார்கள், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம்தான் காரணம். நம்புவதென்றால் அதற்குரிய வேலைகள் இருக்கின்றன, எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், வேப்பிலை ஒடிக்க வேண்டும், யாரோ சொன்ன கோயிலுக்கு வெயிலில் பஸ் ஏற வேண்டும். நம்பாதவனுக்கு அத்தனையும் மிச்சம். இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் பல்கலைக்கழக மைதானத்தில், பட்டப்பகலில், பந்தல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது நடந்ததை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

முதலில், பொருளாதாரம் நடத்துகிற எனக்கு ஓட்டப்பந்தய மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெண்கள் தடகள அணிக்கு ஆசிரியர்களில் ஒருவர் மேலாளராக இருக்க வேண்டும் என்று விதி. அதற்கான கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன், போனபோது டீயும் தீர்ந்திருந்தது, இந்தப் பதவி மட்டும்தான் மிச்சமிருந்தது. அன்று முதல் தொப்பையில் பல்கலைக்கழக முத்திரை பதிந்த பனியனும் கழுத்தில் விசிலுமாக நான் மைதானத்தில் நிற்பேன். விசிலுக்கு அங்கே வேலை கிடையாது. அது இருந்தால் ஏதோ தெரிந்தவன் போல ஒரு தோற்றம் வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கோச் பெயர் செல்வம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அண்ணே என்பார், ஓடத் தெரியாதவனிடம் காட்டுகிற பரிவோடு நடத்துவார். அவருடைய கனவெல்லாம் நாலு பெண்கள் ஓடுகிற தொடர் ஓட்டம்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒருத்தி ஓடிவந்து அடுத்தவள் கையில் பேட்டன் என்கிற குட்டிக் குழாயைக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் தரையில் ஒட்டியிருக்கும் குறியைத் தொட்டதும் இவள் முன்னால் பார்த்து ஓடத் தொடங்கிவிட வேண்டும், பின்னாலிருந்து குரல் வந்த நொடியில் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், கையில் வந்து விழுவதைப் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டும். குறிப்பிட்ட எல்லைக்குள் கை மாறாவிட்டால் அணியே வெளியே.

அந்தக் குரல் என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் தடகளத்துக்கு என் ஒரே பங்களிப்பு. எல்லா அணியினரும் "ஸ்டிக்" என்று கத்துவார்கள், பக்கத்துத் தடத்துக்காரி கத்தினாலும் நம் பெண் கையை நீட்டிவிடுவாள். "நம்ம ஊர்ல 'இந்தா'ன்னா தூக்கத்துல இருக்கிறவன்கூடக் கையை நீட்டுவான், அதையே வச்சுக்குவோம்" என்றேன். செல்வம் என்னை முதல்முறையாக மனிதனாகப் பார்த்தார். அன்று முதல் எங்கள் அணியின் சொல் "இந்தா".

நாலு பேரில் கடைசியாக ஓடுகிறவள் பாண்டிச்செல்வி. அலங்காநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அவள் ஓடினால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள், அணியில் இருக்கிற வரைக்கும் விடுதியும் சாப்பாடும் உண்டு, அணியை விட்டுப் போனால் விடுதி போகும், அவள் ஊருக்கு வருகிற பஸ்ஸை நம்பிக் கல்லூரிக்கு வர முடியாது என்பதால் படிப்பும் போகும். இவ்வளவு இருக்கிறவளுக்கு ஒரே ஒரு கோளாறு. பின்னாலிருந்து "இந்தா" என்றால் கையை நீட்டமாட்டாள். இரண்டாவது முறை கத்தினாலும் நீட்டமாட்டாள். மூன்றாவது முறைதான் கை வரும், அதற்குள் எல்லை தாண்டியிருக்கும்.

"ஏத்தா, காது கேக்குமா கேக்காதா?" என்று செல்வம் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேக்குது சார். கை வரமாட்டேங்குது."

"ஏன் வரமாட்டேங்குது? கையில என்ன மருதாணியா வச்சிருக்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "எங்க வீட்ல முதுகுக்குப் பின்னாடி யாரு கூப்பிட்டாலும் மொத ரெண்டு தடவ ஏன்னு கேக்க மாட்டோம் சார். மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் ஆளு. அதுக்கு மூணாவது தடவ கூப்பிடத் தெரியாதாம். எங்கம்மா சின்னதுலருந்து சொல்லிச் சொல்லி அப்படியே ஆகிப்போச்சு."

"எதுக்கு மூணாவது தடவ கூப்பிடத் தெரியாது?"

"அதுக்குத்தான் சார்."

செல்வம் என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க பொருளாதாரத்துல இதுக்கு எதுனாச்சும் இருக்கா?" இல்லை என்றேன்.

அகில இந்தியப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கிற நாள் வந்தது. கோடை தொடங்கியிருந்தது, மத்தியானச் சாப்பாடு முடிந்த வேளை, தடத்தின் மேல் வெயில் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் தேர்வுக்குழுவினர். செல்வம் பாண்டிச்செல்வியிடம் காலையிலேயே சொல்லிவிட்டார், இன்றைக்கும் கை வரவில்லையென்றால் அவளுக்குப் பதில் வேறு பெண், அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று. அவள் சரி என்று தலையாட்டினாள். சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நடுவர்கள் போதவில்லை என்பதால் கடைசி எல்லையில், மூன்றாமவளிடமிருந்து பாண்டிச்செல்வி வாங்குகிற இடத்தில், என்னை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு கொடி, சரியாக மாறினால் வெள்ளை, தவறினால் சிவப்பு. இடது கையில் என் போன், ஏனென்றால் கை மாறுவதை வீடியோ எடுத்துத் தரும்படி செல்வம் கேட்டிருந்தார். வாயில் விசில். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வலது கையில் கொடி, இடது கையில் போன், வாயில் விசில். என்னுடைய வாக்குமூலமே இதுதான்.

துப்பாக்கி வெடித்தது. முதலாமவள், இரண்டாமவள், எல்லாம் ஒழுங்காகவே வந்தது. மூன்றாமவள் நிவேதா வளைவைச் சுற்றி வந்து குறியைத் தொட்டாள், பாண்டிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்ந்தாள், அந்த நொடியில் நிவேதாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நின்றே விட்டாள். காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், பேட்டன் அவள் கையில். பாண்டிச்செல்விக்கு அது தெரியாது, அவள் முன்னால் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறாள். சிவப்புக் கொடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது "இந்தா" என்று கேட்டது.

ஒரே ஒரு முறை. கத்தவில்லை, வீட்டில் ஒரு சாமானைக் கொடுக்கும்போது சொல்வது போலச் சாதாரணமாக. பாண்டிச்செல்வி, வாழ்க்கையில் முதல் அழைப்புக்குக் கையை நீட்டாத பாண்டிச்செல்வி, கையைப் பின்னால் நீட்டினாள். விரல்கள் மூடின. ஓடினாள், அப்படி ஓடியதை நான் பார்த்ததில்லை. என் கை தன்னால் வெள்ளைக் கொடியைத் தூக்கியது, அவ்வளவு சுத்தமாக மாறியிருந்தது. தூக்கிய பிறகுதான் நிவேதா இன்னும் குறிக்குப் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு, "ஏய் நில்லுடி, பேட்டன் இங்க இருக்குடி" என்று அலறுவது உறைத்தது.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன், வெறுங்கையோடு ஓடியிருப்பாள் என்று. இல்லை. கடைசிக் கோட்டைத் தாண்டி வந்தவள் கையில் ஒரு பேட்டன் இருந்தது. எங்களுடையது அலுமினியக் குழாய், நீலப் பெயிண்ட். அவள் கையிலிருந்தது மரம். பிடித்துப் பிடித்து வழவழப்பான மரக்கட்டை, அளவு மட்டும் அச்சு அசலாகப் பேட்டன் அளவு.

"மரத்துல பேட்டன நான் படிக்கிற காலத்துலயே பார்த்ததில்லண்ணே" என்றார் செல்வம் ரகசியமாக. வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை அவளுடைய வியர்வையில் ஈரமாக இருந்தது. கொடுக்கிறவர் பிடிக்கிற மறுமுனையும் ஈரமாக இருந்தது.

தேர்வுக்குழுத் தலைவருக்கு இதிலெல்லாம் மர்மமே இல்லை. "ரெண்டாவது பேட்டன் ஒளிச்சு வச்சு ஓடியிருக்கு. இது மோசடி. டீம வெளியேத்துங்க, இந்தப் புள்ளைக்கு இனிமே எந்தப் போட்டியும் கிடையாது" என்றார்.

"நான் ஒளிக்கல சார், குடுத்தாங்க, வாங்குனேன்" என்றாள் பாண்டிச்செல்வி. அழவில்லை. குழம்பிப்போய் நின்றாள். ஓடுகிற உடையில் ஒரு கைக்குட்டையை ஒளிக்க இடமில்லை, ஒரு அடி நீளக் கட்டையை எங்கே ஒளிப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

"யாரு குடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் உதவி கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வாழ்க்கையில் எப்போதாவதுதான் வீரம் வரும், அது அன்றைக்கு வந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா? எதுக்கு?"

"நிவேதா நின்னுட்டா. ஓட்டம் கெட்டுப்போகக் கூடாதேன்னு... கையில ஒண்ணு இருந்துச்சு, 'இந்தா'ன்னு குடுத்துட்டேன். விதி தெரியாது. நான் பொருளாதாரம்." கடைசி வாக்கியம் நன்றாக வேலை செய்தது. பொருளாதாரம் என்றதும் எல்லோரும் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். நடுவரின் முட்டாள்தனத்துக்கு ஓடுகிறவளைத் தண்டிக்க முடியாது என்று முடிவாகி, நிவேதாவின் கால் சரியானதும் மறுபடி ஓடச் சொன்னார்கள். என்னை எல்லையிலிருந்து விலக்கி, தண்ணீர் கேன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஓடினார்கள். நிவேதா ஒரே முறை "இந்தா" என்றாள், பாண்டிச்செல்வியின் கை ஒரே முறையில் பின்னால் வந்தது, தேர்வுக்குழுத் தலைவரே எழுந்து நின்றுவிட்டார். அணி தேர்வானது. செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொய் சொல்லி ஒரு புள்ளையக் காப்பாத்திட்டீங்கண்ணே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நல்ல பொய் மனிதனை எவ்வளவு உயர்த்துகிறது என்று யோசித்துக்கொண்டே ஆனையூரில் இருக்கிற என் வீட்டுக்கு வண்டியை ஓட்டினேன்.

வீட்டில் காபி குடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். படம் எடுத்தேனே, உண்மையில் அந்தக் கட்டையை யார் கொடுத்தது என்று பார்த்துவிடலாமே. ஓட்டம் தெரியவில்லை, பாண்டிச்செல்வி தெரியவில்லை, திரை முழுக்க என் முகம். கேமராவை என் பக்கம் திருப்பி வைத்து எடுத்திருக்கிறேன். மூக்கு, விசில், வியர்வை, பின்னால் கொஞ்சம் வானம். இதற்காகவே என்னை மைதானத்தைவிட்டு நீக்கலாம்.

ஆனால் சத்தம் பதிவாகியிருந்தது. துப்பாக்கி, கூச்சல், காலடிகள், அப்புறம் மிகப் பக்கத்தில், தெளிவாக, "இந்தா". திரையில் என் உதடுகள் விசிலை இறுகக் கவ்வியபடி அசையாமல் இருக்கின்றன.

சாந்தியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். சாந்தி என் மனைவி, எதற்கும் அசராதவள், கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறாள். "இது யார் குரல் சொல்லு" என்றேன்.

"என்ன கேள்வி? உங்க குரல்தான்."

"நல்லாக் கேளு."

"இருபது வருசமா என்னைய இப்படித்தானே கூப்பிடுறீங்க. 'இந்தா, சோத்தப் போடு. இந்தா, துண்ட எடு.' எனக்குத் தெரியாதா?"

"வாயில விசில் இருக்கு, பாரு."

"விசில் என்ன, பல் விளக்கிக்கிட்டே அரை மணி நேரம் பேசுற ஆளுதானே நீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நம் குரல் நமக்கு அடையாளம் தெரியாது என்பார்கள், பதிவில் கேட்டால் யாரோ பேசுவது போலத்தான் இருக்கும். அதனால் நான் மறுத்தால் அது சாட்சியாகாது. செல்வத்துக்குப் போட்டுக் காட்டினேன், "நீங்கதாண்ணே" என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னது பொய்யா உண்மையா என்று அவருக்கு இப்போது சந்தேகம் வந்திருப்பது தெரிந்தது. எனக்கும் வந்திருந்தது.

மறுநாள் பாண்டிச்செல்வியைத் தனியாகப் பிடித்தேன். "அதென்னம்மா, எப்பவும் மூணாவது தடவைக்குத்தான் கை வரும், நேத்து மட்டும் ஒரே தடவையில நீட்டிட்ட?"

"ஒரே தடவ இல்ல சார், அது மூணாவது தடவ."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"மொத தடவ காலையில விடுதிக் குழாயடியில சார். முகம் கழுவிக்கிட்டு இருக்கேன், முதுகுக்குப் பின்னாடி 'இந்தா'ன்னாங்க. திரும்பல. ரெண்டாவது மத்தியானம் மெஸ்ல, தட்டுக்கு முன்னால ஒக்காந்திருக்கேன், அப்பவும் திரும்பல. பயமாப் போச்சு, சோறு எறங்கல. அப்புறம் கிரவுண்டுல கூப்பிட்டாங்க. மூணாவது தடவ கூப்பிட்டா ஆளுதானே சார், அதான் கைய நீட்டுனேன். இப்ப பயம் விட்டுப்போச்சு, நிவேதா ஒருக்கா கூப்பிட்டாலே கை போயிருது."

"மூணு தடவையும் யார் குரல்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "என்ன சார், உங்க சத்தம்தான். நீங்களே குடுத்தேன்னு சொன்னீங்கள்ல?"

பெண்கள் விடுதிக் குழாயடியில் விடிகாலையில் என் குரல் கேட்டது என்பதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன். பேய் இருக்கிறதா என்று விசாரிக்க எங்கள் பல்கலைக்கழகத்தில் குழு கிடையாது, இதை விசாரிக்கக் குழு உண்டு.

அவளுடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதற்கு மூன்றாவது தடவை கூப்பிடத் தெரியாது, ஆகவே கூப்பிட்டது மனிதன். குரல் என்னுடையது, ஆகவே நான். எங்கே உதைக்கிறது என்று பார்த்தால், உதைக்கிற ஒரே இடம் நான் கூப்பிடவில்லை என்பதுதான், அதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை. அந்தப் பெண் அகில இந்தியப் போட்டிக்குப் போய் நன்றாகவே ஓடிவிட்டு வந்தாள், விடுதியில் இருக்கிறாள், படிக்கிறாள். நல்லதுதானே நடந்திருக்கிறது, விட்டுவிடலாம் என்று கட்டையைப் பல்கலைக்கழகத்தில் என் அறை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, சாந்திக்கு நான் காட்டியது அந்தப் படம் மட்டும்தான். அன்றிலிருந்து அவளை "இந்தா" என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன், பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கம் என்பதால் எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று அவள் நினைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிக்கத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். சாந்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை, இருமக்கூட இல்லை.

"காதுல விழுதுங்க. விடிஞ்சதுலருந்து எத்தன தடவதான் 'இந்தா, இந்தா'ம்பீங்க? கொண்டாங்க" என்று திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் விரிந்து. அவள் பள்ளிக்கூடத்தில்கூட ஓடியவள் இல்லை.

அந்தக் கையை அப்படியே விட்டுவைக்க எனக்குப் பயமாக இருந்தது. கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. என் கையையே அதில் வைத்தேன்.

விரல்களை மூடி ஒரு நொடி அழுத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"இது இல்லங்க" என்றாள், கடுகைக் கிளறிக்கொண்டே. "அத குடுங்க."